பாதியாகச் சுண்டிய தண்ணீர்

இப்போதெல்லாம் ஆட்கள் தண்ணீரைக் கடையில் வாங்கிக் குடிக்கிறார்கள். எங்கள் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழையெல்லாம் பவளப் பாறைக்குள் இறங்கிக் கீழே ஊற்றாக ஓடுகிறது. அந்த ஊற்றின் தலைமேல் வீடு கட்டி உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ வடக்கே ஒரு மலையில் பிடித்த தண்ணீரைக் கப்பலில் வரவழைத்து மூடி திருகிக் குடிக்கிறான். குடித்துவிட்டு பாட்டிலைக் கரும்புக்குள் எறிகிறான். ஏன்டா என்றால், "லேபிள்ல போட்டிருக்கு பெரியவரே, சுத்தமானதுன்னு" என்கிறான். லேபிளில் போட்டிருந்தால் ஆட்டு மூத்திரத்தையும் குடிப்பான். தானாக ஒன்றை மோந்து பார்க்க, நாக்கில் வைத்துப் பார்க்க எவனுக்கும் பொறுமை இல்லை.

என் பெயர் கவமிட்சு கெய்தோகு. பள்ளிக்கூடம் போனது நாலு வருஷம், அதிலும் பாதி நாள் கிழங்கு தோண்டப் போய்விட்டேன். எங்கள் ஊற்றைப் பூட்டியது என்னால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. ஒன்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். என்ன நினைத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

எங்கள் ஊர் ஊற்றின் பெயர் சுருகா. தரையில் பெரிய பள்ளம், அதற்குள் நாற்பது படி இறங்கினால் பாறைக்கடியில் தண்ணீர். எந்தக் கோடையிலும் ஒரே குளிர், ஒரே தெளிவு. அதன் காவல் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சுற்றி வரும். முறைக்காரன் படி கூட்ட வேண்டும், பாசி தேய்க்க வேண்டும், வருஷப் பிறப்பன்று முதல் தண்ணீர் மொண்டு வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். ஊரில் பிள்ளை பிறந்தால் முதல் குளியலுக்கு ஒரு வாளி கொண்டுபோக வேண்டும். வாசல் சங்கிலியின் சாவியும் அவனிடம்தான் இருக்கும். பேரரசர் கடைசியாகப் படுக்கையில் விழுந்த அந்த வருஷம் என் முறை.

மாதத்துக்கு ஒரு தடவை நிஷிஹாரா என்று ஒரு பெண் வருவாள். அரசாங்க ஆய்வுக்கூடத்து ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பெட்டி மாட்டிக்கொண்டு படி இறங்குவாள். ஆறேழு பாட்டிலில் தண்ணீர் பிடிப்பாள், ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் எழுதுவாள்.

"என்ன பொண்ணே, எங்க தண்ணியத் தூக்கிட்டுப் போய் எங்க விக்கிற?" என்பேன்.

"நல்ல வெலை கெடைச்சா உங்களுக்கும் பங்கு தரேன் ஐயா," என்பாள். வாய் உண்டு. அதனால் அவளைப் பிடிக்காமலும் இல்லை.

அக்டோபர் மாதம் அவள் பெட்டியை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"ஐயா, உங்க மருமக மாசமா இருக்காங்களாமே?"

"ஊர் வாய் சும்மாவா இருக்கும்?"

"பொறந்ததும் ஒரு ஆறு மாசத்துக்கு இந்தத் தண்ணியில பால் பவுடர் கலக்காதீங்க. இதுல நைட்ரேட்னு ஒண்ணு இருக்கு. பத்துக்கு மேல போகக்கூடாது. இங்க பதினாறு நிக்குது. நீங்க குடிக்கலாம், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பச்சப்புள்ள ரத்தம் வேற மாதிரி. அதுக்குள்ள இது போனா ரத்தத்தால மூச்சைச் சுமக்க முடியாது."

"காய்ச்சிக் குடுத்தா?"

"காய்ச்சினா போகாது ஐயா. அதுமட்டுமில்ல..."

"காய்ச்சினா போகாத அழுக்கு ஒண்ணு இருக்கா உலகத்துல? நல்லாப் படிச்ச போ," என்று சிரித்தேன். அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் துடைப்பத்தை எடுத்துப் படி கூட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஏன் நம்பவில்லை என்று கேட்பீர்கள். பெரிய வறட்சி வந்தது ஒரு வருஷம், ஆறு மாதம் மழை இல்லை. கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்து, தீக்குச்சி போட்டால் பற்றும் போல ஆனது. அதற்கு அடுத்த வருஷம் ஜீப்பில் வந்து இறங்கினார்கள், கோட்டு போட்டவர்கள், கையில் அட்டை வைத்திருந்தவர்கள். வெள்ளை உரம் போடு, இரண்டு மடங்கு போடு, மூன்று மடங்கு போடு, கரும்பு எகிறும் என்றார்கள். ஊர் தயங்கியது. சுருகாவுக்கு நேர் மேலே இருக்கிற சரிவு என் நிலம். முதலில் போட்டவன் நான். கரும்பு எகிறியது, உண்மைதான். கையில் அட்டை வைத்திருந்தவன் அன்றைக்குப் போடு என்றான், கையில் அட்டை வைத்திருப்பவள் இன்றைக்கு அதுதான் விஷம் என்கிறாள். இரண்டு பேரும் வாங்குவது ஒரே அரசாங்கத்துச் சம்பளம். நான் யாரை நம்ப வேண்டும்?

தண்ணீரில் என்ன கெடுதல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்பு. இந்தத் தீவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கெட்டிலில் தண்ணீரை வைத்து, கொதி வந்த பிறகும் இறக்காமல் நெருப்பிலேயே விட வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து அடியில் படியும். மூன்றில் ஒரு பங்கு சுண்டியதும் இறக்கி, ஆறவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் இப்படித்தான் தருவோம். என் அம்மா காலத்தில் கெட்டிலுக்குள் படிந்த பொருக்கை வருஷத்துக்கு ஒரு தடவை தட்டி உரிப்போம். பிறகு அது இரண்டு தடவையானது. அந்த வருஷம் வசந்தத்திலிருந்து நானே மூன்று தடவை உரித்திருந்தேன், கட்டைவிரல் கனம். ஊற்றில் சுண்ணாம்பு கூடிக்கொண்டே போகிறது என்பது ஆய்வுக்கூடம் சொல்லாமலே எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் நானும் காய்ச்சுவதைக் கூட்டினேன். மூன்றில் ஒரு பங்கு இல்லை, பாதியாகச் சுண்டும் வரை.

டிசம்பர் பத்தாம் தேதி என் மகன் இசாமுவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சயோரி என்று பெயர் வைத்தார்கள். நானே சுருகாவிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, குளிப்பாட்டும் முன் மூன்று தடவை நெற்றியில் தொட்டு வைத்தேன். கை கால் எல்லாம் நல்ல கொழுப்பு. வாய் மட்டும் எங்கள் வீட்டு வாய், மூடவே மூடாது.

மருமகள் தொஷிமி நாஹா பட்டணத்துப் பெண். நல்லவள்தான், வேலைக்கு அஞ்சமாட்டாள். ஆனால் சுருகாவின் தண்ணீரை அவள் நாக்கு ஏற்றுக்கொள்ளவே இல்லை. வந்த நாளிலிருந்து தூரத்து ஊற்றிலிருந்து வருகிற பைப் தண்ணீர்தான். அதில் நீச்சல் குளத்து நாற்றம் அடிக்கும். "உங்க ஊத்துத் தண்ணியக் குடிச்சா பல்லுல மண் ஒட்டுற மாதிரி இருக்கு மாமா," என்பாள். நானும், "உன் பைப் தண்ணி துணிக்குத்தான் நல்லது, வயித்துக்கு இல்ல," என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

மூன்று வாரத்தில் அவளுக்குப் பால் குறைந்துவிட்டது. டப்பா பவுடர் வாங்கினார்கள். ஜனவரியில் பேரரசர் இறந்தார், டிவியில் பாட்டெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கரும்பு அதற்காகக் காத்திருக்குமா? ஆலையிலிருந்து லாரி தேதி வந்துவிட்டது. எங்கள் ஊரில் கரும்பு வெட்டு ஒருவருக்கொருவர் கை கொடுத்து நடக்கும். இன்றைக்கு என் நிலத்தில் பத்துப் பேர் வெட்டினால், நாளைக்கு அவன் நிலத்துக்கு என் வீட்டிலிருந்து ஆள் போக வேண்டும். இரண்டு பேர் போக வேண்டிய வீட்டிலிருந்து ஒருவர் போனால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முந்தைய வருஷம் லாரியிலிருந்து விழுந்ததில் என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, கரும்பு வெட்டுகிற கோடாலியைப் பிடிக்க முடியாது. என் மனைவி இறந்து பல வருஷம். எனவே தொஷிமி போனாள், பிள்ளை என்னிடம்.

காலையில் கிளம்பும்போது பைப் தண்ணீரைக் காய்ச்சி ஒரு பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பாள்.

"மாமா, மூணு கரண்டி பவுடர், இந்தக் கோடு வரைக்கும் தண்ணி. இந்த பிளாஸ்க்ல இருந்துதான். சரியா?"

"நாலு பிள்ளை வளர்த்தவன்கிட்ட சொல்லிக் குடுக்கற."

"வளர்த்தது அத்தைன்னு இசாமு சொன்னாரே."

"அவன் கெடக்கான். போ, கரும்பு வெயில் ஏறினா வெட்டு வாங்காது."

அவள் தெருமுனை திரும்பியதும் நான் பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்ப்பேன். அதே நாற்றம். அதை வாசல் கால்வாயில் கொட்டிவிட்டு, என் கெட்டிலில் பாதியாகச் சுண்டவைத்து இறுத்த சுருகாத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் அவள் வெட்டுக்குப் போகமாட்டாள். நல்லதைத்தானே செய்கிறோம், எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படிப் பதினைந்து பதினாறு நாள்.

பிள்ளை நன்றாகக் குடித்தாள். பத்து நாளைக்குப் பிறகு வயிறு கொஞ்சம் போனது, பச்சையாக. பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தண்ணீரை இன்னும் கொஞ்சம் சுண்டவைத்தேன்.

பதினாறாவது நாள் காலை பக்கத்து வீட்டு இகெமா வந்தான். என் வயதுக்காரன், பொக்கை வாய், என்னோடு சண்டை போடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பிள்ளையைக் குனிந்து பார்த்தான்.

"என்னடா இது, ஊதாக் கிழங்க மென்னு துப்பின மாதிரி இருக்கு உன் பேத்தி ஒதடு?"

"குளிர்டா. வடக்குக் காத்து வீசுதே, தெரியல?"

"எனக்கும்தான் குளிருது. என் ஒதடு அப்படியா இருக்கு?"

"உனக்கு ஒதடே இல்லையேடா கெழவா."

அவன் சிரிக்கவில்லை. "அழவே இல்லையே கெய்தோகு. உங்க வீட்டுப் புள்ள அழாம இருக்குமா?" என்றான்.

இன்னொரு போர்வை போர்த்தினேன். சூடாக ஒரு புட்டி பால் கலந்து கொடுத்தேன், பாதிதான் குடித்தாள். நகம் எல்லாம் சாம்பல் நிறம். மூச்சு நாய்க்குட்டி மாதிரி வேகமாக ஓடியது. இகெமா என்னிடம் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். அரை மணி நேரத்தில் இசாமுவும் தொஷிமியும் கரும்புத் தோகை ஒட்டிய உடம்போடு வந்து சேர்ந்தார்கள். நான்கு பேரும் யாருடையதோ ஒரு சிறிய லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிள்ளை காலில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். கரும்புச் சாறு காய்ச்சும்போது கடைசியில் பாகாகி வருமே, அந்த நிறம். சிவப்பே இல்லை. இளம் வயது டாக்டர் ஒருவர் அந்த ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கொழந்தைக்கு ஊத்துத் தண்ணி, கெணத்துத் தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றாள் தொஷிமி. "பைப் தண்ணிதான்."

"நிச்சயமா? பால் கலக்கறதுக்கு?"

"நான்தானே தெனமும் காய்ச்சி பிளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டுப் போறேன். என் கையால."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப இதயமா இருக்கும், பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், தொஷிமிக்கு அந்தப் பக்கம். கேள்வி என் காதில் நன்றாகவே விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று இசாமு பிறகு கேட்டான். நான் சொல்கிற பதில் ஒன்றுதான். அவர் கேட்டது கெட்ட தண்ணீரைப் பற்றி. நான் கொடுத்தது கெட்ட தண்ணீர் இல்லை. ஒரு மணி நேரம் நெருப்பின் பக்கத்தில் நின்று, சுண்ணாம்பை ஒரு துளி விடாமல் இறக்கி, இறுத்து ஊற்றியது. அதைப் போய்க் கிணற்றுத் தண்ணீர் என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்படித்தான் அப்போது இருந்தது மனதில். நாக்கு மட்டும் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயத்தைப் பார்க்கிறோம் என்று ஒரு மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு நுரையீரல். நாஹாவுக்கு விமானத்தில் அனுப்பலாமா என்று டெலிபோனில் பேசினார்கள். இரண்டரை மணி நேரம் போனது. மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர் வந்தார். அந்த ரத்தத்தை ஒரு தடவைதான் பார்த்தார். "தண்ணி என்னவா இருந்தாலும் சரி, மருந்து போடு," என்றார். நீல மை மாதிரி ஒரு மருந்து ஊசி வழியே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது. தொஷிமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பாருங்க, பாருங்க," என்றாள். அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

விடிந்த பிறகு வலிப்பு வந்தது. மூச்சு இல்லாமல் மூளை நெடுநேரம் இருந்துவிட்டது என்றார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சயோரி இறந்துவிட்டாள். ஐம்பது நாள் பிள்ளை.

அன்றைக்கு என் நிலத்தில் வெட்டு முறை. ஊரார் வந்து எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லாமலே முழுசும் வெட்டிக் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து பிள்ளையின் நினைவுப்பலகை முன்னால் ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நிஷிஹாரா வந்தாள். பெரிய டாக்டர் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, பலகை முன் நெடுநேரம் குனிந்திருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்தாள். தொஷிமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இசாமு பக்கத்தில்.

"மன்னிச்சுக்கங்க. இந்த வீட்டுத் தண்ணிய ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

குழாயைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்தாள், பொடி போட்டுக் குலுக்கினாள். லேசான ரோஜா நிறம் வந்தது. கையிலிருந்த நிற அட்டையோடு வைத்துப் பார்த்தாள். "மூணு. நல்ல தண்ணி," என்றாள். அவள் முகத்தில் குழப்பம்.

அலமாரியில் பிளாஸ்க் இருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. அதைத் திறந்து ஊற்றினாள், பொடி போட்டாள். உப்பில் ஊறிய ப்ளம் காய் மாதிரிக் கன்றிச் சிவந்தது. அட்டையில் அந்த நிறமே இல்லை. வேறு ஒரு சுத்தமான தண்ணீரைக் கலந்து மூன்று பங்காக்கி மறுபடி செய்தாள். ஏதோ கணக்குப் போட்டாள். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினாள்.

"நைட்ரேட் முப்பத்தஞ்சு," என்றாள்.

"ரெண்டும் ஒரே தண்ணிதானே?" என்றாள் தொஷிமி. "இந்தக் குழாயில இருந்துதானே புடிச்சு ஊத்தினேன்?"

நிஷிஹாரா பிளாஸ்க்கைப் பார்த்தாள். அடுப்பின் மேல் இருந்த என் கெட்டிலைப் பார்த்தாள். மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டுத் தேய்த்தாள். விரல் நுனி வெள்ளையாக வந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் காய்ச்சுவீங்க ஐயா?"

"பாதியாகற வரைக்கும்."

தொஷிமி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "மாமா?"

"ஆமா. நான்தான். நீ ஊத்தி வெச்சதக் கொட்டிட்டு நான் ஊத்தினேன். தெனமும். நாத்தம் புடிச்ச தண்ணிய அந்தப் புள்ளைக்கு எப்படிக் குடுக்கறது?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "டாக்டர் கேட்டாரே," என்றாள். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. டாக்டர் கேட்டாரே மாமா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் நிஷிஹாராவைப் பார்த்துக் கேட்டேன். "சுண்ணாம்பு இருக்கா அதுல? அதச் சொல்லு மொதல்ல."

அவள் தயங்கினாள். "கொறைவுதான். ஊத்துல இருக்கறதுல கால் பங்குகூட இல்ல. நீங்க செஞ்சதுல அது போயிருக்கு."

"பார்த்தியா."

"ஐயா, சுண்ணாம்பு அடியில படியும். நைட்ரேட் படியாது. ஆவியாவும் போகாது. தண்ணி பாதியானா அது அப்படியே தங்கி ரெண்டு மடங்காகும். அன்னைக்கு நான் சொல்ல வந்தது அதுதான். நீங்க படி கூட்டப் போயிட்டீங்க."

"சரி. அப்படின்னா சுண்ணாம்பு ஏன் கூடுச்சு? என் அம்மா காலத்துல இவ்வளவு இல்ல. அதனாலதானே நான் அதிகமாக் காய்ச்சினேன். அதுக்கு பதில் சொல்லு."

"அதுவும் உரத்தாலதான். வெள்ளை உரம் மண்ணுல மாறும்போது புளிப்பாகுது. அந்தப் புளிப்பு மழையோட எறங்கிப் பாறையைத் தின்னுது. தின்ன பாறைதான் உங்க கெட்டில்ல ஒட்டுது. நைட்ரேட்டும் சுண்ணாம்பும் ஒண்ணாத்தான் கூடுது ஐயா, ஒரே எடத்துல இருந்து."

இசாமு எழுந்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவன் கெட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். கல்லின் மேல் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது. இரும்பு சீக்கிரம் உடையாது. நெடுநேரம் கேட்டது.

அதற்கு மூன்றாம் நாள் தொஷிமி நாஹாவுக்குப் போய்விட்டாள். வெட்டு முடிந்ததும் இசாமுவும் போனான். வாசலில் பையைத் தூக்கும்போது, "வருஷப் பொறப்புக்கு வராதீங்க," என்றான். வரமாட்டேன் என்றல்லவா சொல்ல வேண்டும், நான் எங்கே போனேன்? அவன்தான் போனான். அதைக்கூடத் தப்பாகச் சொன்னான்.

ஏப்ரலில் சுருகாவை மூடுவதற்கு ஊர் கூடியது. முப்பது பேர் படியில் வரிசையாக நின்றார்கள். கொல்லன் இரும்புக் கம்பிக் கதவு கொண்டுவந்திருந்தான். நிஷிஹாரா கீழே தண்ணீர் ஓரத்தில் நின்று பேசினாள். இனிமேல் உரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றாள்.

"கொறைச்சா எப்ப சரியாகும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒடனே ஆகாது. மழை மேல விழுந்து, மண்ணு வழியா, பாறை இடுக்கு வழியா எறங்கி இங்க வர வருஷக்கணக்காகும். இப்ப ஓடற தண்ணி பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெஞ்ச மழை. அப்ப போட்ட உரம்தான் இப்ப வருது. இன்னைக்கு நிறுத்தினாலும் இன்னும் அத்தனை வருஷம் வந்துட்டேதான் இருக்கும். கொஞ்ச நாள் இன்னும் கூடினாலும் கூடும்."

எல்லாரும் மேலே பார்த்தார்கள். சுருகாவுக்கு மேலே யார் நிலம் என்று ஊருக்குத் தெரியும். அப்போது முதலில் போட்டது யார் என்பதும் தெரியும். எனக்குக் கணக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இசாமுவும் சேர்ந்துதான் அந்தச் சரிவில் உரம் இறைத்தோம். அவன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினேன்.

"பொண்ணே, ஒண்ணு கேக்கறேன். இதே தண்ணியிலதான் நான் நாலு புள்ளைய வளர்த்தேன்."

"அப்ப இருந்த தண்ணி வேற ஐயா."

"இதே ஊத்து."

"ஊத்து அதேதான். தண்ணி அது இல்ல."

"கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. உன் பொடிக்கு மட்டும் தெரியும்."

"ஆமா ஐயா," என்றாள்.

குனிந்து இடது கையால் மொண்டு குடித்தேன். குளிர்ந்து, தெளிவாக, நான் பிறந்ததிலிருந்து குடித்த அதே ருசி. இன்னொரு கை மொண்டு பின்னால் நின்ற இகெமாவுக்கு நீட்டினேன். எழுபது வருஷமாக இதைக் குடித்தவன். முந்தின நாள்கூட இரண்டு வாளி கொண்டுபோனவன்.

"குடிடா."

அவன் என் கையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். ஒரு படி பின்னால் ஏறி நின்றான். "வேணாம் கெய்தோகு," என்றான். "எனக்கு இப்பத் தாகமில்ல."

விரல் இடுக்கில் எல்லாம் ஒழுகிப்போனது. சாவியை எடுத்துக் கொல்லனிடம் கொடுத்தேன். படியில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வயிற்றுப்போக்கு இருந்தது பிள்ளைக்கு, அதை யாரும் பேசவில்லை. இளம் டாக்டர் இரண்டரை மணி நேரம் இதயத்தைப் பார்த்தார், அதையும் பேசவில்லை. பவுடர் டப்பா எந்த ஊரில் செய்தது என்று எவனாவது திறந்து பார்த்தானா? பொடி சிவந்தது என்றால் உடனே நான் ஒப்புக்கொண்டுவிட வேண்டுமா?

பாதிப் படி ஏறியபோது கீழே கம்பிக் கதவை வைத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் நிற்கவில்லை. மேலே வெளிச்சத்தில், வண்டிப் பாதையோரம் என் உர மூட்டைகள் நாற்பதும் காலையிலிருந்து இறங்கிக் கிடந்தன. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மூட வேண்டும் என்று அந்தப் பக்கம் நடந்தேன்.